பூட்டிய கடைக்கும் வரி உண்டு

என் தம்பியின் கல்யாணத்துக்கு முதல் ஓலை வாசிக்கப்பட்ட ஞாயிற்றுக்கிழமை காலையில், அவன் விமான நிலையத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. கோவிலில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரில் அது எனக்கு மட்டும்தான் தெரியும். பக்கத்து பெஞ்சில் அப்பா புதுச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எங்கள் கத்தோலிக்க வழக்கத்தில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் நடக்க இருக்கிறது, இதை நடத்தக் கூடாததற்குக் காரணம் எதையாவது அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் வந்து சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று சாமியார் அறிவிப்பார். பூசை முடிகிற நேரம் என்பதால் பாதிப் பேர் அதற்குள் செருப்பைத் தேட எழுந்துவிடுவார்கள். நானும் விவரம் தெரிந்த நாளிலிருந்து அதை அப்படித்தான் கேட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் அது நிஜமான கேள்வி என்று உறைத்தது. அறிந்தவள் நான். காரணமும் நானேதான்.

அன்று விடியற்காலையில் தம்பி போன் பண்ணியபோது நான் இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தேன்.

“அக்கா, ஏத்த மாட்டேன்னுட்டாங்க.”

“எத?” பெட்டியைச் சொல்கிறான் என்று நினைத்தேன்.

“என்னைத்தான். எமிக்ரேஷன்ல நிறுத்திட்டாங்க. உன் கடை பேர சொல்றாங்க. அது இன்னும் நடந்துகினு இருக்குதாம். வரிக் கணக்கு குடுக்கலன்னு அபராதம் ஏறிகினே இருக்குதாம். நான் அதுல பார்ட்னராம். அத முடிச்சாத்தான் நாட்ட விட்டுப் போவ முடியுமாம்.”

“கடையத்தான் மூடிட்டமே.”

“அதத்தான் நானும் சொன்னேன். மூடினதா பதிவே இல்லியாம்.” பிறகு சொன்னான்: “அப்பாகிட்ட சொல்லாத. பொண்ணு வூட்லயும் சொல்லாத. லீவு தள்ளிப் போச்சுன்னு சொல்லு. ரெண்டு மூணு நாள்ல முடிச்சிட்டு வந்துடறேன்.”

நான் சரி என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன சொற்களிலேயே மகா முட்டாள்தனமான சொல் அது.

கடை இருந்த ஊரின் பெயரை எழுதப் போவதில்லை. வளைகுடாவில் ஓர் ஊர், அவ்வளவு போதும். என் கணவருக்கு அங்கே பராமரிப்பு வேலை. எனக்குத் தையல் தெரியும். சும்மா இருப்பானேன் என்று என் பெயரில் லைசென்ஸ் எடுத்துப் பெண்களுக்கான தையல் கடை ஒன்றைத் திறந்தேன். தம்பி வேலை தேடிக்கொண்டிருந்த நேரம். அவனுக்கு விசா கிடைக்க வேண்டும் என்பதற்காக அவன் பெயரையும் பங்குதாரராகச் சேர்த்தோம். பங்குதாரர் இரண்டு நாள் பட்டன் தைத்தார். மூன்றாம் வாரம் ஏசி கம்பெனியில் வேலை கிடைத்துப் போய்விட்டார்.

கடை ஓடிக்கொண்டிருந்தபோதே அந்த நாட்டில் புதிதாக விற்பனை வரி வந்தது. ஓர் ஆள் வந்து எல்லாக் கடைகளுக்கும் பதிவு செய்து கொடுத்தான். எங்களுக்கும் ஒரு வரி எண் வந்தது. கடையில் எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்ட வேண்டும் என்றார்கள். நான் அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன். அந்த மரியாதை போதும் என்று நினைத்துவிட்டேன் போலிருக்கிறது.

பிறகு கணவருக்குக் காண்ட்ராக்ட் முடிந்தது. ஊர் திரும்ப முடிவு செய்தோம். தையல் மிஷின்களை விற்றேன். கடையைக் கூட்டிப் பெருக்கினேன். வாடகை, கரண்டு எல்லாம் பைசா பாக்கியில்லாமல் தீர்த்து, கட்டட உரிமையாளரிடம் சாவியைக் கொடுத்தேன். பாக்கி ஒன்றும் இல்லை என்று முத்திரை வைத்து ஒரு கடிதம் தந்தார். ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக அதை லேமினேட் பண்ணினேன்.

இதை வேறு ஊர்க்காரி செய்திருக்க மாட்டாள். பண்ருட்டியில் மளிகைக் கடை வைத்திருக்கிற வீட்டுப் பெண்ணாக இருந்தால், ஒரு கடையைத் திறக்க எத்தனை ஆபீஸ் ஏறினோமோ மூடவும் அத்தனை ஆபீஸ் ஏற வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். நான் நெய்வேலி டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் வீட்டு வாடகை, தண்ணீர், கரண்டு எல்லாம் அப்பாவின் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்வார்கள். ஊருக்கெல்லாம் கரண்டு தயாரித்து அனுப்புகிற இடத்தில் இருந்துகொண்டு, கல்யாணம் ஆகிற வரைக்கும் நான் ஒரு கரண்டு பில்லைக் கண்ணால் பார்த்ததில்லை. யாராவது ரிட்டயர் ஆனால் பிளாக் வாசலில் லாரி வந்து நிற்கும். பீரோவும் கட்டிலும் ஏறும். அந்த வீட்டு அம்மா வாசலைக் கடைசியாக ஒரு தடவை கூட்டுவாள். வீட்டுக்காரர் சாவியைக் கொண்டுபோய் ஆபீஸில் கொடுத்துவிட்டு வருவார். அதோடு அந்தக் குடும்பத்துக்கும் அந்த வீட்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அடுத்த வாரம் வேறு குடும்பம் வந்து கோலம் போடும். ஓர் இடத்தை விட்டுப் போவது என்றால் எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். சாவியைக் கொடுத்தால் முடிந்தது.

முதல் ஓலை முடிந்த திங்கட்கிழமை, தம்பி அங்கே ஓர் ஆலோசகரைப் பிடித்தான். தமிழர். கம்பெனிகளுக்குப் பேப்பர் வேலை செய்து கொடுப்பவர். போனில் என்னிடம் பொறுமையாகத்தான் பேசினார்.

“மேடம், மூணு மாசத்துக்கு ஒரு தடவை கணக்கு குடுத்திருக்கணும். நீங்க ஊருக்குப் போனதுக்கப்புறம் ஒண்ணுகூட குடுக்கல.”

“கடையே இல்லாதப்ப என்ன கணக்குங்க? ஒண்ணுமே விக்கலையே.”

“ஒண்ணும் விக்கலன்னுதான் குடுத்திருக்கணும். பூஜ்யம்னாலும் பூஜ்யம்னு எழுதிக் குடுக்கணும். குடுக்காத ஒவ்வொரு தடவைக்கும் ஒரு அபராதம். லைசென்ஸ் புதுப்பிக்காததுக்குத் தனி. நிச்சயதார்த்தத்துக்கு உங்க தம்பி ஊருக்குப் போயிட்டு வந்தாரே, அப்ப கேஸ் பதிவாகல. இப்ப ஆயிடுச்சு.”

நான்கு வருடம் நான் இங்கே நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். அங்கே இல்லாத ஒரு கடை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு குற்றம் செய்துகொண்டிருந்திருக்கிறது. என் பெயரில் மட்டுமல்ல, அவன் பெயரிலும்.

வழி இருக்கிறது என்றார் ஆலோசகர். விட்டுப்போன எல்லாக் காலத்துக்கும் பூஜ்யக் கணக்கு கொடுக்க வேண்டும். அபராதத்தைக் குறைக்கச் சொல்லி மனு போட வேண்டும். அது முடிந்து வரி எண்ணை ரத்து செய்ய வேண்டும், பிறகு லைசென்ஸை. எல்லாவற்றிலும் லைசென்ஸ்காரியின் கையெழுத்து வேண்டும். நான் வர முடியாவிட்டால் அவருக்கு அதிகாரப் பத்திரம் எழுதி, அதில் நோட்டரி, மாநில அரசு, வெளியுறவுத் துறை, அந்த நாட்டுத் தூதரகம் என்று நான்கு முத்திரை வாங்கி அனுப்ப வேண்டும்.

“நேர்ல வந்தா?” என்று கேட்டேன்.

“வந்தா சீக்கிரம். ஆனா உங்களையும் முடியற வரைக்கும் விட மாட்டாங்க.”

எனக்குப் பயமாக இருந்தது. அதை மறைப்பதில் அர்த்தமில்லை. மகள் பிளஸ் டூ படிக்கிறாள், கணவருக்கு மைன்ஸில் காண்ட்ராக்ட் வேலை, வாடகை வீடு என்று நூறு காரணம் சொல்லிக்கொண்டேன். ஆனால் உண்மைக் காரணம் பயம். பத்திரத்தையே அனுப்புகிறேன் என்றேன். கடலூருக்கும் சென்னைக்கும் பஸ்ஸில் அலைந்தேன். கல்யாணத்துக்குப் பொருள் வாங்கப் போகிறேன் என்று அப்பாவிடம் பொய் சொல்லிவிட்டு, திரும்பி வரும்போது பொய்க்காக ஒரு பை நிறைய எதையாவது வாங்கி வந்தேன்.

மனுவோடு சேர்க்க, அந்தக் கம்பெனியிலிருந்து எனக்கு வருமானம் எதுவும் வரவில்லை என்று காட்ட ஒரு கணக்காளரின் சான்று தேவைப்பட்டது. மெயின் பஜாரில் ஒரு மாடியில் இருந்த கணக்காளரிடம் போனேன். இங்கே தைக்கிற வருமானத்துக்கு எனக்கு ஒவ்வொரு வருடமும் ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பவர் அவர்தான். கதையைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

“ஏம்மா, இத ஒரு வருஷங்கூட எங்கிட்ட சொல்லலியே நீங்க.”

“எதச் சார்?”

“நிரந்தரமா இந்தியா வந்தப்புறம், வெளிநாட்ல கம்பெனியில பங்கு, பேங்க்ல கணக்கு எது இருந்தாலும் இங்க ரிட்டர்ன்ல காட்டணும்மா. அதுக்குன்னே தனிப் பக்கம் இருக்குது. வருமானம் வரலன்னாலும் காட்டணும்.”

“அது இல்லாத கடைங்க சார். மூடியாச்சு.”

“மூடிட்டேன்னு நீங்க சொல்றீங்க. மூடலன்னு அந்த கவர்மெண்ட்டு சொல்லுது. அப்ப அது உங்க சொத்துதான்.”

சொத்து. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பிறகு அழுகை வந்தது. அவர் பாவம், தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். இந்த வருடத்துக்குத் திருத்திப் போடலாம், பழைய வருடங்களுக்கு எப்படி விளக்கம் எழுதுவது என்று பார்க்கலாம், பெரிய அபராதத்துக்கு இடமுள்ள சட்டம் என்பதால் இனிமேல் எதையும் மறைக்காதீர்கள் என்றார். அங்கே இல்லாததை இல்லை என்று சொல்லவில்லை. இங்கே இருப்பதை இருக்கிறது என்று சொல்லவில்லை. இரண்டு நாட்டிலும் வாயை மூடிக்கொண்டிருந்ததுதான் என் குற்றம். அத்தனைக்கும் என் வாய் எங்கள் பிளாக்கில் பேர் போன வாய்.

இரண்டாவது ஓலைக்கு முந்தைய நாள், மணப்பெண் ரவிக்கை அளவு பார்க்க வந்தாள். காடாம்புலியூர்ப் பெண். அவள் வீட்டில் முந்திரிக்கொட்டை உடைக்கிற தொழில். அவள் பண்ருட்டியில் ஒரு பள்ளியில் டீச்சர். கல்யாண ரவிக்கையை நான்தான் தைப்பேன் என்று நானே வரிந்துகட்டிக்கொண்டு துணியை வாங்கி வைத்திருந்தேன்.

கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு கேட்டாள்: “அண்ணி, அவருக்கு லீவு கிடைச்சுதா இல்லியா? கேட்டா மழுப்பறாரு. வீடியோல வான்னா வர மாட்டேங்கறாரு.”

என் உதட்டில் நான்கு குண்டூசி இருந்தது. நான் ம்ம் என்றேன்.

“எங்கப்பா கேக்கறாரு, மாப்பிள்ளைக்கு அங்க எதனா பிரச்சனையான்னு. வேற எதனா இருந்தா இப்பவே சொல்லிடுங்க அண்ணி.”

வேற எதனா என்றால் வேறு பெண். அவள் குரல் அங்கே உடைந்தது. ஊசியை எடுத்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். முதுகுப் பக்கம் திரும்பச் சொல்லி, கொக்கி வைக்கிற இடத்தை அளந்தேன். சாயங்காலம் வரைக்கும் அந்த ஊசிகளை வாயிலேயே வைத்திருந்தால்கூடத் தப்பில்லை என்று நினைத்தேன்.

மறுநாள் இரண்டாவது ஓலை. அதற்கடுத்த வியாழக்கிழமை பத்திரம் தூதரகத்தில் நின்றது. இன்னும் பத்து நாளாவது ஆகும் என்றார்கள். கல்யாணம் அடுத்த புதன்கிழமை. ஆலோசகரைக் கூப்பிட்டுக் கெஞ்சினேன்.

“ஒரே வழிதான் மேடம். நீங்க நேர்ல வந்து, எல்லாத்துக்கும் நான்தான் பொறுப்புன்னு எழுதிக் குடுத்தா, தம்பி மேல இருக்கறத எடுத்துடுவாங்க. அது உங்க மேல வந்துடும். நான் பேசிட்டேன்.”

அன்றைக்கே விசாவுக்குப் போட்டேன். கணவரிடம் சொன்னபோது அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டார். மகள் அந்தத் தட்டை எடுத்துக் கழுவினாள். எப்போது வருவீர்கள் என்று அவள் கேட்கவில்லை. அவளாவது கேட்டிருக்கலாம்.

மூன்றாவது ஓலை வாசித்த ஞாயிறன்று, பூசை முடிந்து அப்பாவோடு குவார்ட்டர்ஸுக்குப் போனேன். அம்மா போனதிலிருந்து அவர் மட்டும்தான் அங்கே இருக்கிறார். அந்த மாதக் கடைசியில் ரிட்டயர்மெண்ட். ஓய்வுக்குப் பிறகு சில மாதம் வீட்டை வைத்துக்கொள்ளலாம், அதற்குள் கல்யாணத்தை முடித்துவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே திட்டம். மேஜையில் ஒரு பாரத்தை விரித்து வைத்து, முத்திரை விழாத கட்டங்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

“அப்பா, தம்பிக்கு லீவு பிரச்சனை இல்ல.”

“தெரியும்,” என்றார் நிமிராமல். “லீவு கிடைக்காதவன் கோவமா பேசுவான். இவன் பயந்து போய்ப் பேசிகினு கீறான். என்னா பண்ணான்?”

“அவன் பண்ணல. நான் பண்ணேன்.”

எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்துப் பேனாவை மூடி வைத்தார்.

“மூடிட்டு வந்தன்னு சொன்னியே பாப்பா.”

“மூடிட்டுதாம்பா வந்தேன். சாவியக் குடுத்தேன். லெட்டர்கூட இருக்குது. நம்ம இங்க வூட்ட காலி பண்றப்ப அப்படித்தான பண்ணுவாங்க?”

அப்பா பாரத்தை என் பக்கம் திருப்பினார். ஆஸ்பத்திரி, நூலகம், பள்ளிக்கூடம், கூட்டுறவுக் கடை, தண்ணீர், மின்சாரம் என்று வரிசையாகக் கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு முத்திரை, ஒரு கையெழுத்து விழ வேண்டும். கடைசிக் கட்டத்தில் சாவி ஒப்படைப்பு என்று இருந்தது.

“இவ்ளோ சீலும் வாங்கினாத்தான் சாவிய வாங்குவான். ஒரு மாசம் நடக்கணும். உனக்கு எங்க தெரியும்? நீங்கல்லாம் வாசல்ல நின்னு லாரிய பாத்துகினு இருந்தீங்க.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் திட்டவில்லை, தானே எதையோ சொல்லிக்கொடுக்க மறந்துபோனதைப் போல அந்தப் பாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நாளைக்கு நான் கிளம்புகிறேன் என்றேன். கல்யாணத்துக்கு அக்கா இல்லாமல் எப்படி என்று கேட்க வாயெடுத்தவர், கேட்காமல் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தார்.

மணப்பெண்ணுக்கு அன்று மத்தியானம் நானே போன் பண்ணிச் சொன்னேன். அவளும் திட்டவில்லை.

“வேற பொண்ணு இருக்குதோன்னு நெனச்சி நெனச்சி ரெண்டு வாரமா நான் சாப்பிடல. நீங்க ஊசிய வாயில வச்சிகினு இருந்தீங்களே அண்ணி,” என்றாள்.

அன்று ராத்திரி உட்கார்ந்து அவள் ரவிக்கைக்குக் கடைசிக் கொக்கியைத் தைத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை அந்த ஊர் ஆபீஸ் வாசலில் தம்பி நின்றிருந்தான். ஆள் பாதியாகியிருந்தான். உள்ளே அதிகாரியிடம் நான் லேமினேட் பண்ணிய கடிதத்தை எடுத்து நீட்டினேன். அவர் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்து, அவர்கள் மொழியில் ஏதோ சொன்னார்.

“இது சுவத்துக்கு உண்டான பேப்பராம். கம்பெனிக்கு இல்லையாம்,” என்றார் ஆலோசகர்.

காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். சாயங்காலத்துக்குள் தம்பியின் பெயர் நீங்கி, என் பெயர் ஏறியது. அவன் பெட்டியை எடுத்துக்கொண்டு டாக்சியில் ஏறும்போது, “எப்ப வருவ அக்கா?” என்றான். ரெண்டு மூணு நாள்ல முடிச்சிட்டு வந்துடறேன் என்றேன். அவன் எனக்குச் சொன்ன அதே பொய்.

புதன்கிழமை கல்யாணத்தைப் போனில் பார்த்தேன். மகள் பிடித்துக் காட்டினாள். ரவிக்கையின் இடது தோளில் ஒரு சுருக்கம் இருந்தது. கடைசியாக ஒருமுறை போட்டுப் பார்த்துச் சரிசெய்ய நேரம் இல்லாமல் போனது. வேறு யார் கண்ணிலும் அது பட்டிருக்காது.

அது நடந்து ஏழு மாதம் ஆகிறது. எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றின் வீட்டில் தங்கி, அவர்களுக்குத் தைத்துக் கொடுத்துக்கொண்டு இருக்கிறேன். விட்டுப்போன கணக்குகள் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன். விற்றது பூஜ்யம், வாங்கியது பூஜ்யம், வரி பூஜ்யம். அபராதக் குறைப்பு மனு பரிசீலனையில் இருக்கிறது என்றே ஒவ்வொரு வாரமும் சொல்கிறார்கள். மகள் நான் இல்லாமலே பரீட்சை எழுதினாள். கணவர் போனில் நலமா என்று கேட்பார், பதிலுக்குக் காத்திருக்க மாட்டார்.

போன வாரம் அப்பா பேசினார். வீட்டை வைத்துக்கொள்ளக் கொடுத்திருந்த காலம் முடிந்துவிட்டது. சாமான்களை, தம்பி கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த வாடகை வீட்டுக்கு அனுப்பிவிட்டாராம். எல்லா முத்திரையும் வாங்கியாகிவிட்டது.

“அப்ப சாவியக் குடுத்துட்டீங்களா?”

“இல்ல. எங்கிட்டதான் கீது. வெறும் வூட்ல பாய் போட்டுப் படுத்துகினு கீறேன்.”

“ஏம்பா? நாள் தாண்டினா அபராத வாடகை போடுவாங்க. உங்க ரிட்டயர்மெண்ட் பணத்துலதான பிடிப்பாங்க. நாளைக்கே போய்க் குடுத்துடுங்க.”

“நீ பொறந்த வூடு. நீ வந்து குடு.”

எனக்கு ஆத்திரம் வந்தது. நாற்பது வருஷத்தில் ஒரு நாள் லேட்டாக ஷிப்டுக்குப் போகாத மனுஷன், முத்திரைகளுக்காக ஒரு மாதம் நடந்த மனுஷன். நான் எப்போது வருவேன் என்று எனக்கே தெரியாதுப்பா, ஒவ்வொரு மாதமும் ஏறிக்கொண்டே போகும், உங்களுக்கு என்ன பைத்தியமா என்று அடுத்தவர் வீடு என்பதையும் மறந்து கத்தினேன்.

அவர் நான் கத்தி முடிக்கிற வரைக்கும் காத்திருந்தார்.

“ஏறட்டும்,” என்றார்.